கொழுப்பும் கூலியும்

கொழுப்பு என்னுஞ் சொல் தமிழ் வழக்கிலே ஒரு பொருளுக்கும் ஒரு குணத்துக்கும் பெயராய் நிற்கின்றது. இறைச்சியில் வெண்ணிறமாய்ப் படிந்து கிடப்பதும் கொழுப்பு. பெரியோரை மதியாது பேசுபவனிடத்து ஊரார் காண்பதும் கொழுப்பு. உண்டு மிஞ்சியவனுக்கே உடற்கொழுப்பும் வாய்க்கொழுப்பும் உண்டாகும் என்று கண்டவர்கள் இவ்வழக்கை ஆக்கினர் போலும். ஆயின், சித்த மருத்துவர் கொழுப்பை மிஞ்சிய பொருளாகக் கொண்டிலர். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என அவர் எண்ணிய ஏழு உடற்றாதுக்களுள் நடுவிடம் பெற்றது கொழுப்பே. உறுப்புக்களுக்கு நெய்ப்பசையை ஊட்டி அவை தத்தம் தொழிலை இடரின்றிச் செய்யுமாறு உதவுவது அதன் கடமை என்பது அவர்தம் கொள்கை.

மிஞ்சியதா, இன்றியமையாததா என்னும் இவ்வினா ஐரோப்பிய விஞ்ஞானத்திலும் நூறாண்டுக்கு மேலாக நிகழ்ந்தது. ஆய்வுகூடத்தில் அவ்வினாவுக்கு விடை எதுவாயினும், நெய்யும் பாலும் இறைச்சியும் தாராளமாய்க் கிடைக்கும் வீட்டில் அதனால் நேரும் நட்டம் சிறிது. உணவை அளந்து பெற்ற மக்களிடத்தே அது பெரிது. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் அத்தகைய மக்கள். அவர்தம் கூலி வரலாற்றையும் கொழுப்பைப் பற்றிய அறிவின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கின், ஒன்று மற்றொன்றை விளக்கக் காணலாம்.

நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் புகையிரதப் பாதையில் கலபொடவைக் கடந்ததும் வருவது வட்டவளை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூர், இத்தீவில் மிக அதிகமான மழையைப் பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்குச் சற்றொப்ப 5,000 மில்லிமீற்றர் மழை இங்கே பெய்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் மலைச்சாரல் ஆதலின், கம்பளியும் படங்கும் போர்த்துக்கொண்டு அட்டைக்கடிக்கு நடுவே கொழுந்து கொய்வது இங்குள்ள பெண்களுக்கு ஆண்டிற் பாதிநாள் வழக்கம். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும், 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியதும் யாவரும் அறிந்த செய்திகள். புகையிரதம் கீழே தேயிலைப் பெட்டிகளைக் கொண்டு சென்றது. மேலே அரிசி மூடைகளைக் கொண்டு வந்தது.

அரிசியே கூலியின் அளவுகோல். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்த மக்களுக்குத் தோட்டம் அரிசியைக் கொடுத்து, அதன் விலையைக் கணக்கிற் கழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவ்வழக்கத்தைச் சட்டமாக்கியது. 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மலைநாட்டுத் தோட்டமொன்றில் ஆணுக்கு நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அரிசி புசலொன்றுக்கு 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படாது கொடுக்கப்படுதல் வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், ஒரு புசல் அரிசிக்கு ஆண்மகன் ஏறத்தாழ 12 நாளும் பெண் 15 நாளும் உழைக்க வேண்டியிருந்தது. சட்டம் அக்காலத்து நிலைமைக்கு ஓர் முன்னேற்றமே என்பதை மறுத்தல் கூடாது. எனினும் அது விலைக்காப்பு அளித்த உணவு அரிசி. பருப்பும் தேங்காயும் எண்ணெயும் பாலும் எஞ்சிய கைக்காசைப் பார்த்து வாங்கவேண்டியனவாயின.

தீட்டிய அரிசி 100 கிராமில் உள்ள கொழுப்பு ஏறத்தாழ அரைக் கிராம். நாளொன்றுக்கு அரைக் கிலோகிராம் அரிசியைச் சோறாக்கி உண்பவர் அதனாற் பெறும் கொழுப்பு இரண்டரைக் கிராமளவே. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள் தம் உணவுச் சத்தியில் நூற்றுக்கு 20 பங்கையேனும் கொழுப்பாகப் பெறுதல் வேண்டும் என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர் 2008இல் கூடி வகுத்த அளவு. 2,000 கிலோகலோரி உண்ணும் பெண்ணுக்கு அது 44 கிராம் ஆகும். இரண்டரைக்கும் நாற்பத்து நான்குக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்ப மலைநாட்டு அடுப்பங்கரையில் இருந்தது பெரும்பாலும் தேங்காய்தான். சம்பலுக்குத் துருவிய பூவும், கறிக்குப் பிழிந்த பாலும், தாளிக்கச் சொட்டிய எண்ணெயும் சேர்ந்தே அந்நாளையக் கொழுப்பு வரவு.

ஆனால் தென்னை மலையேறுவதில்லை. இலங்கையில் அது நன்கு காய்ப்பது ஏறத்தாழ 600 மீற்றருக்குக் கீழேதான். குருநாகலிலும் புத்தளத்திலும் விளைந்த காயை வட்டவளைத் தொழிலாளி விலைகொடுத்தே வாங்கவேண்டும். தேங்காய் விலை ஏறிய மாதத்தில் லயத்துச் சம்பலின் வெண்மை குன்றும். இது பொருளாதாரப் புள்ளிவிவரத்தில் எளிதிற் காணப்படாத ஒரு குறிப்பு.

இங்கே இன்னொரு மாற்றத்தையுங் கவனித்தல் தகும். எண்ணெய் என்னுஞ் சொல்லே எள்ளின் நெய் என்பதன் திரிபு. தமிழ்நாட்டுப் புன்செய் மாவட்டங்களில் ஆட்டிய எண்ணெய் எள்ளெண்ணெயே; அதற்கு நல்லெண்ணெய் என்னும் பெயரும் வழங்கியது. கடல் கடந்து வந்தவர்கள் தென்னை நாட்டுக்கு வந்து சேர்ந்தனர். நல்லெண்ணெயின் கொழுப்பமிலங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு இலினோலெயிக்கமிலம். தேங்காயெண்ணெயில் அது ஏறத்தாழ 2 பங்கே. இவ்வேறுபாட்டின் பொருளை 1929ஆம் ஆண்டுக்கு முன் உலகில் எவரும் அறிந்திலர். நாட்கூலி 54 சதம் என்று வகுத்தவர்கள் அதனை அறிந்திருக்கவில்லை என்று குறைகூறுவது முறையன்று. பின்னர் அறிய வந்தபோது கணக்கு மாறிற்றா என்பதே கேட்கத்தக்க வினா.

ஐரோப்பாவில் கொழுப்பின் இரசாயனத்தை முதலில் ஒழுங்குபெற ஆராய்ந்தவர் பிரான்சு தேசத்தவரான செவ்ரெல். கொழுப்பு என்பது கிளிசரோலும் கொழுப்பமிலங்களும் இணைந்த பொருள் என்பதை விளக்கும் அவரது நூல் 1823இல் வெளிவந்தது. அடுத்து எழுந்த பெருவழக்கு, விலங்கின் உடற்கொழுப்பு எங்கிருந்து வருகின்றது என்பது. தாவரம் ஆக்கிய கொழுப்பையே விலங்கு உண்டு சேர்க்கின்றது என்றனர் பாரிசிலிருந்த டூமாவும் அவர் சார்பினரும். மாப்பொருளையும் வெல்லத்தையும் விலங்குடல் தானே கொழுப்பாக மாற்றவல்லது என்றார் செருமானியரான லீபிக். 1840களில் வாத்துக்கும் பன்றிக்கும் அளந்து உணவிட்டுச் செய்த சோதனைகள் லீபிக்கின் பக்கமே சாய்ந்தன.

இம்முடிபு உண்மையே. அதிலிருந்து பிறந்த ஓர் எண்ணந்தான் வழுவுடையது. சோறே கொழுப்பாக மாறுமெனின் சோறுண்பவனுக்குக் கொழுப்பை வேறாக ஊட்டுவானேன்? கொழுப்பு வெறும் எரிபொருள். அதன் வேலையை அரிசி செய்யும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் றூப்னரும் அற்வாற்றரும் உணவின் சத்தியை அளந்து, கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரியும் மாப்பொருளும் புரதமும் நான்கு நான்கும் தரும் என்று வகுத்தபின், எல்லா உணவையும் ஒரே நாணயத்தில் மதிப்பிடும் வழக்கம் வலுப்பெற்றது. மலிவான கலோரி எதுவோ அதுவே தொழிலாளிக்கு ஏற்ற உணவாயிற்று.

எரிபொருள் என்ற அளவிலும் கொழுப்பின் திறம் வியக்கத்தக்கது. 45 கிலோகிராம் நிறையுடைய ஒரு பெண்ணின் உடலில் 9 கிலோகிராம் கொழுப்பு இருப்பதாகக் கொள்வோம். அதில் அடங்கிய சத்தி 80,000 கிலோகலோரிக்குக் குறையாது. கணக்களவில் நாற்பது நாளைய உணவு. இதே சத்தியை உடல் கிளைக்கோசனாகச் சேமிக்குமாயின், ஒவ்வொரு கிராமும் மும்மடங்கு நீரைப் பற்றிக்கொள்வதால், அச்சுமை ஏறத்தாழ 80 கிலோகிராம் ஆகும். அவள் தன்னைவிடப் பெரிய பொதியைச் சுமந்துகொண்டு மலையேற நேரும். நீரின்றி, சிறிய இடத்தில், நெடுநாளைக்கெனச் சேமிக்கத்தக்க பொருளைக் கொழுப்பிழையம் கண்டுகொண்டது என்க.

கலோரிக் கணக்கு மட்டும் போதாது என்பதை அறிவிக்க முதலில் வந்தது பெரிபெரி நோய். இதில் தமிழ்த் தொழிலாளருக்கு ஒரு நற்பேறு வாய்த்திருந்தது. மலாயாவிலே தீட்டிய பச்சையரிசியை உண்ட சீனர் பெரிபெரியால் மாண்டபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. முன்னோர் காரணமறியாது கைக்கொண்ட வழக்கம் உயிர்காத்தது. ஆனால் புழுக்குவதனால் அரிசிக்குக் கொழுப்பும் அதில் கரையும் விற்றமின்களும் வந்துசேர்வதில்லை.

அவற்றின் குறையை முதலிற் கண்டவர்களுள் யப்பான் தேசத்து மருத்துவர் மோரி ஒருவர். உண்ணாட்டு ஏழைச் சிறுவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடத்துக் கண் வறண்டு பார்வை கெடும் நோயைக் கண்டு 1904இல் எழுதினார். மீனவர் பிள்ளைகளுக்கு அந்நோய் அரிது. மீனெண்ணெயும் கோழியின் ஈரலும் கொடுத்தால் குணமாயிற்று. கொழுப்பின்மையே காரணம் என்று அவர் முடிவு செய்தார். 1913இல் அமெரிக்காவின் விசுகொன்சினில் மக்கொலமும் மார்கிரெற் டேவிசும் எலிகளைக்கொண்டு செய்த சோதனை இதனைத் திருத்தியது. வெண்ணெயும் முட்டை மஞ்சட்கருவும் எலியை வளர்த்தன. பன்றிக் கொழுப்பும் ஒலிவெண்ணெயும் வளர்க்கவில்லை. ஆகவே கொழுப்பு முழுவதும் ஒன்றன்று. சில கொழுப்புக்களோடு கூடி வரும் ஒரு பொருள் உண்டு. அதுவே பின்னர் விற்றமின் ஏ எனப்பட்டது.

அக்காலத்தில் டென்மார்க்கு நாட்டில் நிகழ்ந்தது மலைநாட்டு வரலாற்றை அறிந்தவர்கள் மனத்திற்கொள்ளத்தக்கது. முதல் உலகப்போரின்போது அந்நாட்டு வெண்ணெய் நல்ல விலைக்கு வெளிநாடு சென்றது. ஏழைப் பிள்ளைகள் கொழுப்பு நீக்கிய பாலும் தாவர மாகரினும் உண்டனர். கண்வறட்சி பரவியது. கடற்போரினால் ஏற்றுமதி குன்றி, 1917ஆம் ஆண்டிறுதியில் வெண்ணெய் பங்கீட்டுக்கு வந்தபோது ஏழைகளுக்கும் வெண்ணெய் கிடைத்தது. 1918இல் நோய் மறைந்தது. மருத்துவர் புளொக் இதனைப் பதிவு செய்துள்ளார். நாட்டின் நலத்துக்கென ஏற்றுமதியான பொருள் நின்றபோதே நாட்டுப் பிள்ளைகளின் கண் தெளிந்தது.

இலங்கையில் இத்துறையின் முன்னோடி கொழும்புப் பற்றீரியவியல் நிலையத்தின் பணிப்பாளராய் இருந்த லூசியசு நிக்கொல்சு. ஏழை மக்களிடத்து, குறிப்பாகச் சிறுவரிடத்து, முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் தோல் வறண்டு, மயிர்க்கால்கள் முள்போற் புடைத்து நிற்பதை அவர் கண்டார். 1933இல் அதனை விவரித்து, தேரையின் தோல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர் ஒன்றை இட்டார். விற்றமின் ஏ குறைவே அதன் காரணம் என்பது அவர் கருத்து. மீனெண்ணெய் கொடுக்கத் தோல் மெல்ல மெல்லத் தெளிந்தது.

தேரை என்னும் பெயர் தமிழருக்கு இவ்விடத்திற் புதிதன்று. உள்ளே பருப்பின்றி வெறுமையாய் இருக்கும் தேங்காயைத் தேரை விழுந்த தேங்காய் என்பது ஊர்வழக்கு. கன்னமும் தொடையும் வற்றி, தோல் சுருங்கி, முதியவர் முகம்போன்ற முகத்துடன் மெலியுங் குழந்தையைத் தேரை தோடம் பற்றியது என்பர். தேரை உயிருள்ளதை மோந்து அதன் கொழுமையை உறிஞ்சிவிடும் என்பது நம்பிக்கை. தேரைமீது சுமத்திய பழி வீணே. ஆனால் தேங்காயிலும் குழந்தையிலும் இல்லாது போனது ஒரே பொருள்தான் என்று கண்ட கண் கூரியது. நிக்கொல்சு இவ்வழக்கை அறிந்து பெயரிட்டவரல்லர். கொழும்பிலே அவர் தேரையைக் கண்ட இடத்தில் கிராமத்துப் பாட்டியும் நெடுங்காலத்துக்கு முன்பே தேரையைக் கண்டிருந்தாள்.

அவர் கொடுத்த காரணம் முழுமையானதா? ஐயம் மெல்ல எழுந்தது. 1929இல் மினெசோற்றாப் பல்கலைக்கழகத்தில் சோர்ச்சு பேரும் அவர் மனைவி மில்ரெட்டும் எலிகளுக்கு வேண்டிய விற்றமின்கள் யாவற்றையுங் கொடுத்து, கொழுப்பை மாத்திரம் அறவே நீக்கிப் பார்த்தனர். எலிகளின் தோல் செதிலாயிற்று, வால் வெடித்தது, வளர்ச்சி நின்றது. இலினோலெயிக்கமிலம் சில துளி கொடுக்கவே அவை தேறின. லீபிக்கின் கொள்கைக்கு ஓர் எல்லை இங்கே தோன்றியது. சோற்றைக் கொழுப்பாக்கும் உடல், இக்கொழுப்பமிலத்தை ஆக்க அறியாது. உணவிலிருந்தே அது வருதல் வேண்டும்.

தேயிலை மலையான நீலகிரியிலே குன்னூரில் மக்கரிசன் 1918இல் தொடங்கிய ஆய்வு பின்னர் போசணை ஆய்வுகூடமாக வளர்ந்தது. அங்கே எயிக்ரொயிட்டும் இராசகோபாலும் 1936இல் தென்னிந்தியப் பள்ளிச் சிறுவரிடத்தும் அதே தேரைத்தோலைக் கண்டனர். குன்னூரில் பணியாற்றிய இராமலிங்கசாமி, ஒக்சுபோட்டில் சிங்கிளேயருடன் சேர்ந்து எலிகளில் ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட முடிபு, விற்றமின் ஏ குறைவையும் இன்றியமையாக் கொழுப்பமிலக் குறைவையும் பிரித்துக்காட்டி, மயிர்க்கால் புடைக்கும் நோய் பின்னதனோடு தொடர்புடையது என்றது. 1958இல் அவ்வாய்வுகூடம் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1967இல் அங்குள்ளோர் நோயாளரை ஆராய்ந்தபோதும் இக்கொழுப்பமிலங்களின் தொடர்பு புலப்பட்டது. தொகுதி பி விற்றமின்களின் பங்கும் உண்டு என்பர். நிக்கொல்சு கொடுத்த மருந்தாகிய மீனெண்ணெயில் விற்றமின் ஏயும் இருந்தது. நிறைவுறாக் கொழுப்பமிலங்களும் இருந்தன. நோய் குணமாயிற்று, எதனால் என்பது மறைந்திருந்தது. வெப்பவலய நாட்டு உணவைப் பற்றி நிக்கொல்சு 1938இல் எழுதிய நூலின் நான்காம் பதிப்பை 1961இல் திருத்தி வெளியிட்டவர்களுள் ஒருவர் இதே சிங்கிளேயர் என்பது வரலாற்றில் வாய்த்த இனிய பொருத்தம்.

நல்லெண்ணெயை விட்டுத் தேங்காயெண்ணெய்க்கு வந்த மக்களின் செய்தி இவ்விடத்தில் மீண்டும் பொருள் பெறுகின்றது. தேங்காயெண்ணெயில் விற்றமின் ஏயும் இல்லை, இலினோலெயிக்கமிலமும் சிறிதே. எரிபொருளாக அது சிறந்தது, மற்றிரண்டுக்கும் உதவாது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கைப் பற்றியும் ஒரு சொல் கூறலாம். கொழுப்பமிலக் குறைவுற்ற நோயாளரின் தோலிற் சூரியகாந்தி எண்ணெயைப் பூசினால் அக்குறை நீங்குகின்றது என்று 1974இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவக் குழு அறிவித்தது. பின்வந்த ஆய்வுகள் ஒருபடித்தாய் அமையவில்லை. ஆயினும் கைக்குழந்தையை மடியிற் கிடத்தி நல்லெண்ணெய் தேய்த்த தாய் அழகுக்காக மட்டும் செய்தாள் என்று எண்ணுவதற்கில்லை.

கீரையைப் பற்றிய ஆய்வு இதனினும் நேராக மலைநாட்டு அடுப்பைத் தொடுகின்றது. தோட்டத்து வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் கீரைக்குப் பஞ்சமில்லை. பச்சைக்கீரையிலும் பூசணியிலும் உள்ள கரோட்டினை உடல் விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்கின்றது என்பது 1930இல் நிறுவப்பட்டது. பின் கீரையுண்ட பிள்ளைக்கும் மாலைக்கண் ஏன் வருகின்றது? ஆபிரிக்காவின் ருவாண்டாவில் 1958இல் றோல்சு குழுவினர் சிறுவருக்குக் கரற்றோடு சிறிது ஒலிவெண்ணெயைச் சேர்த்துக் கொடுக்க, கரோட்டின் பன்மடங்கு உறிஞ்சப்பட்டது. 1980இல் ஐதராபாத்தில் கீரையோடு 5 கிராம் எண்ணெய் சேர்த்த பிள்ளைகளிடத்தும் இவ்வாறே குருதியில் விற்றமின் உயர்ந்தது. கொழுப்பு குடலை அடைந்தாலன்றிப் பித்தம் போதிய அளவு சுரப்பதில்லை. பித்தமின்றிக் கரோட்டின் கரைவதில்லை. கரையாதது உடலைக் கடந்து போகும். ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு வழியில்லாத வீட்டில் ஒரு கட்டுக் கீரை பாதி வீணாகின்றது. கீரையுண்ணுமாறு அறிவுரை கூறும் சுவரொட்டி, எண்ணெய் விலையைப் பற்றிப் பேசுவதில்லை.

இவற்றையெல்லாம் ஒருசேரத் தாங்குபவள் தாய். தோட்டத்து வரவில் பெரும்பங்கு பெண்களின் விரல்நுனியிலிருந்து வருவது. நன்குண்ணும் பெண் கருவுற்ற காலத்தில் 3 முதல் 4 கிலோகிராம் வரை கொழுப்பைத் தன்னுடலிற் சேர்த்து, பாலூட்டும் மாதங்களில் அதனைச் செலவிடுகின்றாள். தாய்ப்பாலின் சத்தியில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்து வருவது. அக்கொழுப்பமிலங்களின் தன்மை தாய் உண்ட எண்ணெயின் தன்மையை ஒத்திருக்கும். குழந்தையின் மூளையின் உலர்நிறையில் நூற்றுக்கு 60 பங்களவு கொழுப்புச்சார் பொருள்கள். ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்துள்ள மென்சவ்வும் கொழுப்புப் படையே. நிறைமாதத்திற் பிறக்குங் குழந்தை ஏறத்தாழ அரைக் கிலோகிராம் கொழுப்போடு பிறக்கின்றது. அதிற் பெரும்பகுதி கருவின் கடைசி மாதங்களிற் சேர்வது. கழுத்தையும் தோட்பட்டையையும் சார்ந்துள்ள கபிலநிறக் கொழுப்பு, நடுக்கமின்றியே வெப்பத்தைப் பிறப்பித்துச் சிசுவைக் குளிரினின்றுங் காப்பது. வட்டவளை போன்ற ஈரக்குளிர் ஊரில், ஆடி மழையில், நிறைகுறைந்து பிறந்த குழந்தைக்கு இக்கொழுப்பு உயிர்ப்பொருள். கடைசி மாதங்களிலும் மலையேறிக் கொழுந்து கொய்த தாய் அதனைச் சேர்த்துக்கொடுக்க எங்கிருந்து பெறுவாள்? பெண்ணுடலில் ஓரளவு கொழுப்பில்லாவிடின் மாதவிலக்கே தொடங்காது, அன்றி நின்றுபோம் என்று றோஸ் பிரிசும் அவர் தோழரும் 1974இல் எழுதினர். அளவு எவ்வளவு என்பதிற் கருத்துவேறுபாடு உண்டு, தொடர்பில் ஐயமில்லை.

அதே ஆண்டு மலைநாட்டுக்குக் கொடியது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு குன்றியது முதல் கோதுமை மா தோட்டத்து உணவில் இடம்பெற்று, ரொட்டி நாளாந்த உணவாகிவிட்டிருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, நாட்டிற் பங்கீடு குறைக்கப்பட்டபோது, வேறு நிலமும் விளைச்சலும் இல்லாத தோட்ட மக்கள் மாவையும் இழந்தனர். நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப்பகுதிகளில் இறப்பு வீதம் மிக உயர்ந்தது. குழந்தைகள் பலர் மாண்டனர். பட்டினியில் உடல் நடந்துகொள்ளும் முறை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே தெளிவாகியிருந்தது. உணவு நின்ற சில நாட்களில் ஈரல் கொழுப்பைக் கீற்றோன் பொருள்களாக மாற்றுகின்றது. மூளை வெல்லத்தை விட்டு அவற்றை எரிக்கப் பழகுகின்றது. அதனால் தசை கரைவது தாமதமாகின்றது. 1967இல் அமெரிக்க மருத்துவர் கேகில் குழுவினர் இதனைக் காட்டினர். கொழுப்புள்ளவன் பட்டினியைத் தாங்குவதன் மருமம் இதுவே. கொழுப்பில்லாதவனிடத்து உடல் தசையையே எரிக்கத் தொடங்குகின்றது; மூச்சுவிடும் தசையும் இதயத் தசையும் அதற்கு விலக்கல்ல. நெடுங்கால அரிசிக்கணக்கில் எழுதப்படாதிருந்த கொழுப்பு, 1974இல் இறப்புக் கணக்கில் எழுதப்பட்டது.

அண்மைக்கால ஆராய்ச்சி கொழுப்பிழையத்துக்கு வேறொரு முகத்தையும் காட்டுகின்றது. 1994இல் நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பிரீட்மனும் அவர் குழுவினரும், கொழுப்புக் கலங்கள் சுரந்து மூளைக்கு அனுப்பும் லெப்டின் என்னும் ஓமோனைக் கண்டனர். கையிருப்பு எவ்வளவு என்று உடலின் களஞ்சியம் தானே செய்தி அனுப்புகின்றது. 2003இல் பூனா நகரைச் சேர்ந்த யாச்சினிக்கு குழுவினர், மகாராட்டிரக் கிராமத்துச் சிசுக்களை இங்கிலாந்துச் சிசுக்களோடு ஒப்பிட்டனர். இந்தியச் சிசு நிறையிலும் தசையிலும் உறுப்புக்களிலும் மிகக் குறைந்திருந்தது; ஆனால் தோலடிக் கொழுப்பில் அத்துணை குறைவில்லை. வறுமை, தசையைக் கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றுகின்றது போலும். இத்தகைய உடல் வளர்ந்து மாவும் சீனியும் மிகுந்த உணவைப் பெறும்போது, வயிற்றறையிற் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு எளிதில் வருகின்றது. இனிப்பு மிகுந்த சாயத்தண்ணீரும் ரொட்டியுமே காலையுணவான இடத்தில் இது தொலைவிலுள்ள செய்தியன்று. மெலிவும் கொழுப்பும் எதிர்ப்பொருள் என்ற பழைய எண்ணம் இங்கே குலைகின்றது.

2016ஆம் ஆண்டின் மக்கட்டொகை சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் 32 பேர். உயரக்குறைவு கொழுப்பின்மையால் மட்டும் வருவதன்று. நீர், கழிப்பிடம், புரதம், நோய் யாவும் அதிற் கலந்துள்ளன. ஆயினும் அளவுகோல் மாறியிருக்கின்றது. 1929இல் அளக்கப்பட்டது அரிசி. இப்போது அளக்கப்படுவது பிள்ளை.

வட்டவளை என்னும் பெயரின் பிற்கால வரலாறும் இப்பொருளோடு வந்து சேர்வது வியப்பு. அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, இவ்வூரின் பெயரைத் தாங்கிய வட்டவளை பிளாண்டேசன் நிறுவனம் தோன்றியது. மலைநாட்டுத் தேயிலையோடு காலி மாவட்டத்து நாக்கியாதெனியாவும் அதன் கீழ் வந்தது. இத்தீவில் வணிக நோக்குடன் முதன்முதல் எண்ணெய்ப்பனை நடப்பட்ட தோட்டம் அதுவே, ஆண்டு 1968. 2017இல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் பிரிக்கப்பட்டு ஹட்டன் என்னும் பெயரால் வேறு நிறுவனமாயின. வட்டவளை என்னும் பெயர் எண்ணெய்ப்பனையோடும் பாற்பண்ணையோடும் நின்றது. 2021 ஏப்பிரலில் அரசாங்கம் எண்ணெய்ப்பனைப் பயிர்ச்செய்கையையும் அவ்வெண்ணெய் இறக்குமதியையும் தடைசெய்வதாக அறிவித்தது. பனங்கனியிலிருந்து பிழிந்தவுடன் அவ்வெண்ணெய் செந்நிறமாயிருக்கும். அந்நிறம் கரோட்டினின் நிறம். கடைக்கு வருமுன் தூய்மைசெய்து, வெளுக்கச்செய்து, அந்நிறத்தை நீக்கிவிடுவர்.